மொட்டை மாடி உயரத்தில் ஒரு ரயில்

சென்னையின் பறக்கும் ரயிலை வைத்து நான் எடுத்த நான்கு படங்கள் சென்ற இதழில் வந்தன. எனக்கு மயிலாடுதுறையில் ஸ்டூடியோ. கல்யாண ஆல்பமும் பாஸ்போர்ட் படமும் பிழைப்பு. ரயில் சின்ன வயதிலிருந்தே பிடித்த ஆசை. படங்களைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் டெல்டா ஊர்களிலிருந்துதான். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னை எக்ஸ்பிரஸில் எட்டு வயது மகனோடு ஒரு நாள் சென்னைக்குப் போகிறோம். ரயில் என்றால் அவனுக்கு உயிர். பறக்கும் ரயிலில் ஏற்றுவதா, மெட்ரோவில் ஏற்றுவதா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

இரண்டிலும் ஏற்றுங்கள். ஆனால் முதலில் பறக்கும் ரயில். காலையில் எழும்பூரில் இறங்கி, முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டு, லோக்கல் ரயிலில் கடற்கரை நிலையத்துக்குப் போய்விடுங்கள். பூங்கா, கோட்டை, அடுத்தது கடற்கரை. வேளச்சேரி வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் ஜன்னல் சீட்டு கிடைக்கும். போகும் திசைக்கு இடது பக்கம் உட்காருங்கள். கடல் இருப்பது அந்தப் பக்கம்.

கோட்டை, பூங்கா நகர் வரை வண்டி சாதாரண ரயில் போலத் தரையில்தான் ஓடும். மகன், "இதுவா பறக்கும் ரயில்?" என்று கேட்பான். பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பூங்கா நகர் தாண்டியதும் பாதை மெல்ல ஏறத் தொடங்கும். முதலில் ஆட்டோக்களின் கூரை தெரியும், அப்புறம் பஸ்ஸின் கூரை, அப்புறம் மரத்தின் தலை. சிந்தாதிரிப்பேட்டை வரும்போது நாம் மொட்டை மாடிகளின் உயரத்துக்கு வந்திருப்போம். நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த ஏற்றத்தில் இன்றைக்கும் என் வயிற்றுக்குள் ஏதோ லேசாகப் புரளும். கோயில் திருவிழா ராட்டினத்தில் முதல் சுற்று எழும்புமே, அதே உணர்வு.

அதற்குப் பிறகு சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே பாதை போகும். துணி காயும் கொடிகள், தண்ணீர்த் தொட்டிகள், வடாம் பிழிந்து வைத்த பாய்கள், மாடியில் நின்று பல் தேய்க்கும் ஒருவர். தரையில் ஓடும் ரயில் வீடுகளின் பின்புறத்தைத்தான் காட்டும். இந்த ரயில் வீடுகளின் தலையைக் காட்டுகிறது. கிரீன்வேஸ் சாலை நிலையத்துக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவே அடையாற்றைத் தாண்டும்போது மகனை எழுப்பி நிறுத்திக் காட்டுங்கள். பெருங்குடிப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் விரியும். குளிர்காலமாக இருந்தால் பறவைகள் நிறையவே இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்த வண்டியின் கதவுகள் தானாக மூடிக்கொள்பவை அல்ல, திறந்தே இருக்கும். அவன் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

திரும்பி எழும்பூர் வந்ததும் அங்கேயே மெட்ரோவில், பரங்கிமலை போகும் பச்சைத் தடத்தில் ஏறுங்கள். திருமங்கலம் வரை பூமிக்கடியில் இருட்டு. அதைத் தாண்டி கோயம்பேட்டுக்கு முன்னால் வண்டி சட்டென்று வெளிச்சத்துக்கு வந்து, நிற்காமல் மேலே ஏறிவிடும். காலையில் தரையிலிருந்து ஏறினான், இப்போது சுரங்கத்திலிருந்து ஏறுகிறான். ஆலந்தூரில் இறங்கி, இரண்டு தடங்கள் இரண்டு தளங்களில் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்பதையும் காட்டிவிடுங்கள். 2015 ஜூன் 29 அன்று சென்னை மெட்ரோ முதன்முதலாக ஓடியது இந்தக் கோயம்பேடு–ஆலந்தூர் துண்டில்தான்.

உலகத்திலேயே முதல் பறக்கும் ரயில் நம் சென்னையில்தான் ஓடியது என்கிறான் நண்பன். சரியா?
– ஒரு வாசகர், சீர்காழி

உலகத்தில் இல்லை, இந்தியாவில். சென்னைக் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பரில் ஓடத் தொடங்கியது. திருமயிலைக்கு 1997இல் வந்தது, வேளச்சேரிக்கு 2007இல். சிகாகோவில் தெருக்களுக்கு மேலே ரயில் ஓடத் தொடங்கியது 1892இல். முதலில் நீராவி எஞ்சின்தான். ஜெர்மனியின் வுப்பர்தால் நகரத்தில் 1901இலிருந்து ஒரு ரயில் தண்டவாளத்திலிருந்து கீழே தொங்கிக்கொண்டே ஓடுகிறது, அதுவும் பெரும்பகுதி ஒரு ஆற்றின் தலைக்கு மேலேயே. ஆற்றங்கரையில் பிறந்தவன் என்பதாலோ என்னவோ, வாழ்நாளில் ஒரு தடவை அதில் ஏறிவிட வேண்டும் என்று இருக்கிறது.

கீழே சாலையில் நின்று மெட்ரோவை எடுத்தால் கான்கிரீட்தான் விழுகிறது. ரயில் ஒரு கோடு மாதிரி மேலே எட்டிப் பார்க்கிறது. நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள்?
– ஒரு வாசகர், திருவாரூர்

இந்த இதழிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. இந்தக் கஷ்டத்தில் நான் இரண்டு வருஷம் கிடந்திருக்கிறேன்.

நம் ஊரில் ரயிலை எடுப்பது சுலபம். வயல் வரப்பில் நின்றால் சக்கரத்திலிருந்து கூரை வரை முழு வண்டியும் தெரியும். மேம்பாலத்தில் ஓடும் ரயிலுக்கோ இரண்டு ஓரமும் கைப்பிடிச் சுவர் உண்டு. கீழே கிட்டத்தில் நிற்கிற கண்ணுக்கு அந்தச் சுவர் சக்கரத்தையும் பெட்டியின் கீழ்ப்பாதியையும் தின்றுவிடும். நெருங்க நெருங்க இன்னும் மோசம். அதனால் செய்ய வேண்டியது நேர் எதிர்: விலகிப் போக வேண்டும். இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளி நின்று, நீள லென்ஸால் இழுத்தால் ரயிலைப் பார்க்கும் கோணம் தாழும், சுவர் மறைப்பது குறையும். தூண்களும் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்து, கோயில் பிராகாரத்துத் தூண் வரிசை போல அழகாக அமையும்.

அதைவிட நல்லது நீங்களும் மேலே ஏறிவிடுவது. சாலையைக் கடக்கும் நடைமேம்பாலம், அனுமதி கேட்டு ஏறிய ஒரு கடையின் மாடி, பக்கத்துச் சாலை மேம்பாலத்தின் நடைபாதை, இதில் எது கிடைத்தாலும் சரி. வண்டியின் உயரத்துக்கு உங்கள் கண் வந்துவிட்டால் சுவர் ஒரு பிரச்சினையே இல்லை. எனக்குப் பிடித்த படம் ஒன்று, ஒரு லாட்ஜின் நான்காம் மாடியிலிருந்து எடுத்தது. அறை எடுக்கும்போதே, "ரயில் தெரிகிற பக்கம் கொடுங்கள்" என்று கேட்டேன். இரைச்சலாக இருக்குமே என்று மேலாளர் தயங்கினார். எனக்கு அந்த இரைச்சல்தான் வேண்டும் என்றதும் சிரித்துக்கொண்டே சாவி கொடுத்தார்.

கான்கிரீட்டை எதிரியாகப் பார்க்கவும் வேண்டாம். அந்தத் தூணின் நிழலில்தான் இளநீர் வண்டி நிற்கிறது, செருப்புத் தைப்பவர் உட்கார்ந்திருக்கிறார். சில நாள் ரயிலை மேல் ஓரத்தில் ஒரு கோடாகவே விட்டுவிட்டு, அந்த நிழலை எடுங்கள். தலைக்கு மேல் ரயில் போவதைத் திரும்பியும் பார்க்காமல் தராசில் பூவை நிறுக்கும் ஒரு அம்மாளின் முகம், முழு ரயில் விழுந்த பத்துப் படங்களுக்குச் சமம் என்பது என் எண்ணம்.

வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பறக்கும் ரயிலின் பாதை பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போகிறது. காலையில் பாதைக்குக் கிழக்கேயும் மாலையில் மேற்கேயும் நின்றால் பெட்டியின் பக்கவாட்டில் வெயில் விழும். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். சுவரின் நிழலே பெட்டியை இரண்டாக வெட்டிவிடும்.

என்னிடம் இருப்பது போன் மட்டும்தான். மெட்ரோ ஜன்னல் வழியாக எடுத்தால் என் சட்டையும் டியூப் லைட்டும்தான் படத்தில் வருகின்றன. வெளியே எடுத்தால் ரயிலின் நெற்றியில் ஊர்ப்பெயர் பாதி எழுத்து காணாமல் போகிறது.
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

தம்பி, போன் போதும். முதலில் அந்தக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடையுங்கள். பிறகு போனின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். ஒரு விரல் இடைவெளிகூட வேண்டாம். உள்ளே இருக்கிற வெளிச்சம் நுழைய வழி இல்லை என்றால் பிரதிபலிப்பும் இல்லை. கறுப்புத் துணியோ கறுப்புச் சட்டையோ இருந்தால் போனைச் சுற்றி மூடிக்கொள்ளுங்கள். நான் மெட்ரோ ஏறும் நாட்களில் வெள்ளைச் சட்டை போடுவதில்லை.

ஓடும் வண்டியிலிருந்து எடுக்கும்போது பக்கத்தில் இருப்பது வேகமாக ஓடும், தூரத்தில் இருப்பது மெதுவாக நகரும். கிட்டத்தில் இருக்கும் சுவரைக் குறிவைத்தால் கலங்கும். ஐந்தாறு வீடு தள்ளி இருக்கும் மாடியைக் குறிவைத்தால் தெளிவாக விழும். நிலையத்தை நெருங்கும்போது வண்டி வேகம் குறைக்கும் அல்லவா? அந்தப் பத்து வினாடிதான் உங்களுடையது.

ஊர்ப்பெயர் விஷயம் இதுதான். அந்தப் பலகை எல்.ஈ.டி. விளக்குகளால் ஆனது. அவை விடாமல் எரிவதில்லை. நம் கண் பிடிக்க முடியாத வேகத்தில் எரிந்து அணைந்து எரிகின்றன. ஷட்டர் மிக வேகமாகத் திறந்து மூடினால், அணைந்திருந்த வரிசை படத்தில் இருட்டாகிவிடும். போனில் 'புரோ' முறை இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 வினாடி அளவுக்குக் குறையுங்கள். வண்டி நிற்கும்போது எடுத்தால் கலக்கமும் வராது.

நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொச்சி மெட்ரோவில் மேலே மின்கம்பியே இல்லை, சென்னையில் இருக்கிறது. தண்டவாள அகலமும் நம்முடையது போல இல்லை. ஏன் இப்படி ஊருக்கு ஒன்று?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

ஐயா, உங்களுக்கு நான் சொல்வதா? இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

சென்னையின் பறக்கும் ரயில் தெற்கு ரயில்வேயின் வண்டி. அதனால் நாடு முழுக்க உள்ள அதே அகலப்பாதை, 1676 மில்லிமீட்டர். சென்னை மெட்ரோ 1435 மில்லிமீட்டர் பாதை. உலகத்தில் பெரும்பாலான மெட்ரோக்கள் இந்த அளவில்தான் ஓடுகின்றன. பெட்டிகளும் உதிரிகளும் கிடைப்பது சுலபம், நகரத்தின் நெருக்கமான வளைவுகளில் திரும்புவதும் சுலபம். தில்லியில் 2002இல் முதல் தடத்தை அகலப்பாதையில்தான் போட்டார்கள், பின்னால் வந்த தடங்களுக்கு 1435க்கு மாறினார்கள். பாதையின் அகலம் மாறுவது உங்கள் ஊருக்குப் புதிதா என்ன? 1860களில் நாகப்பட்டினத்திலிருந்து போட்ட பாதையே முதலில் அகலப்பாதை, 1870களில் மீட்டர் பாதையாகி, நம் காலத்தில் மறுபடி அகலப்பாதை ஆனதுதானே.

மின்சாரத்துக்கு வருவோம். சென்னையில் இரண்டு ரயிலுக்கும் மேலே கம்பி, 25,000 வோல்ட். கொச்சியிலும் பெங்களூரிலும் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் ஓடுகிறது, அதில் 750 வோல்ட் நேர் மின்சாரம். வண்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீண்டு அதைத் தொட்டபடி போகும்.

படம் எடுப்பவனுக்கு இந்த வித்தியாசம் பெரியது. கம்பம் இல்லை, கம்பி இல்லை, ரயிலுக்கு மேலே வெறும் வானம். கொச்சியில் மழை மேகம் திரண்ட ஒரு மாலையில், தென்னந்தலைகளுக்கு மேலே ஒரு நீல நிற வண்டி தனியாகப் போனதை நான் எடுக்கவே இல்லை. கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதற்காக வருத்தமும் இல்லை.

ரயிலைப் படம் எடுப்பது குற்றமா? பாபநாசத்தில் என் தம்பியை ஒருவர் மிரட்டினாராம்.
– ஒரு வாசகி, பாபநாசம்

பொதுச்சாலையில் நின்று, ரயில் எல்லைக்குள் நுழையாமல் எடுப்பதே எப்போதும் நிம்மதியான வழி. நிலையத்துக்குள் என்றால் விதி அந்தந்த நிர்வாகத்தினுடையது. உள்ளே போனதும் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள், நிலைய அதிகாரியிடம் நேரில் போய்க் கேளுங்கள். "சார், ரயில் என்றால் எனக்கு ஆசை, இரண்டு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று முதலில் கேட்டுவிட்டால், பல இடங்களில் டீ வாங்கிக் கொடுத்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். வாக்குவாதம் செய்யாமல் கேமராவைப் பையில் வைத்துவிட்டு ரயிலில் ஏறி உட்காருங்கள், பயணத்தை யாரும் தடுக்கப் போவதில்லை. தண்டவாளத்தில் இறங்குவது மட்டும் எந்த நாளும் கூடாது. 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் அது தண்டனைக்குரிய குற்றம். மூன்றாவது தண்டவாளம் உள்ள ஊர்களில் சட்டம் வருவதற்கு முன்னால் மின்சாரம் வந்துவிடும்.

நான் செய்த ஒரு தவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் ஒரு பெருநகரத்தில், ராத்திரி நேரம், மேலே இருக்கும் ஒரு நிலையத்தில் வண்டி உள்ளே வரும்போது ஃபிளாஷ் போட்டு எடுத்துவிட்டேன். வண்டி நின்றதும் ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக, "தம்பி, மூணு நாலு செகண்ட் எனக்கு ஒண்ணுமே தெரியல. பிளாட்பாரம் ஓரத்துல குழந்தைங்க நிக்குது" என்றார். கதவு மூடி வண்டி போய்விட்டது. நான் அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தை அன்றே அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த ரயிலுக்கும் ஃபிளாஷ் போட்டதில்லை. தம்பியிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

வேலைக்காக சிங்கப்பூர் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. அங்கே எந்த ரயிலில் ஏறிப் பார்ப்பது?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

என் அக்கா மகன் அங்கேதான் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போன பத்து நாளில் எட்டு நாள் நான் ரயிலில்தான் இருந்தேன், அவனுக்குக் கொஞ்சம் மனவருத்தம்கூட.

சிங்கப்பூரின் மெட்ரோ ரயிலுக்கு எம்.ஆர்.டி. என்று பெயர், 1987 நவம்பரில் தொடங்கியது. ஊரின் நடுவில் பூமிக்கடியிலும், குடியிருப்புப் பகுதிகளில் மேலேயும் ஓடும். கிழக்கு–மேற்குத் தடத்தில் காலாங்கிலிருந்து பிடோக் பக்கம் போய்ப் பாருங்கள், அடுக்குமாடி வீடுகளின் நடுவே மேலேயே போகும். ஆனால் உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது எல்.ஆர்.டி. என்கிற சின்ன வண்டி. செங்காங், பொங்கோல், புக்கிட் பாஞ்சாங் பகுதிகளில் ஒன்றிரண்டு பெட்டிகளோடு சுற்றிச் சுற்றி வரும். ஓட்டுநர் கிடையாது. செங்காங், பொங்கோல் வண்டிகளில் முன் கண்ணாடி ஓரம் இடம் பிடித்துவிட்டால், பாதை வளைந்து வளைந்து உங்கள் மடியில் வந்து விழுவது போல இருக்கும்.

புக்கிட் பாஞ்சாங் வண்டியில் ஒரு அதிசயம் உண்டு. வீடுகளின் ஜன்னலுக்கு மிக அருகே போகும் இடங்களில் வண்டியின் கண்ணாடி தானாகவே பனி படிந்தது போல மங்கிவிடும், தாண்டியதும் தெளிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களின் மானத்தைக் காக்கச் செய்த ஏற்பாடு. முதல் முறை அது மங்கியபோது கேமராவை இறக்கினேன். சென்னையில் மாடி மாடியாக நான் எடுத்த படங்களெல்லாம் கண் முன்னால் வந்தன. நம் ரயிலுக்கு அந்தக் கண்ணாடி இல்லை. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். முகம் தெரிகிற மாதிரி, வீட்டு உள்கட்டு தெரிகிற மாதிரி எதையும் இப்போது நான் எடுப்பதில்லை. பழைய படங்களிலும் ஏழெட்டை நீக்கிவிட்டேன்.

எங்கள் ஊரில் மேம்பால ரயில் கிடையாது. சென்னைக்கு அடிக்கடி போகவும் வசதி இல்லை. எங்கே பழகுவது?
– பத்தாம் வகுப்பு மாணவி, மயிலாடுதுறை

நம் ஊரா? ரொம்ப சந்தோஷம் பாப்பா.

உயரத்தில் ஓடும் ரயில் நம்மிடம் இல்லை என்று யார் சொன்னது? ஆறு இருக்கிறதே. ஒரு விடுமுறை நாளில் அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போ. சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ரயில் பாலம் இருக்கிறது. தூண், கைப்பிடி, மேலே வண்டி, கீழே வெறும் மணலோ தண்ணீரோ. திருவாரூர்க்காரருக்கு மேலே சொன்ன அத்தனையும் அங்கே பழகலாம். எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் சக்கரம் தெரிகிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எத்தனையாவது தூணில் எஞ்சின் வரும்போது அமுக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வை. நம் பாதையிலும் மின்கம்பி வந்துவிட்டதால் கம்பத்தின் நிழல் எஞ்சின் முகத்தில் விழாமல் எடுக்கவும் பழகிக்கொள்ளலாம். பாலத்தின் மேல் ஏறாதே. கரையிலிருந்து மட்டும்.

இன்னொன்று, சம்பா நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டி நிற்கும் நாட்கள். காற்றில்லாத விடிகாலையில் ரயில் போனால், மேலே ஒரு ரயில், தண்ணீரில் தலைகீழாக ஒரு ரயில். வரப்பில் குனிந்து, போனைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்து எடு. நாற்று வளர்ந்துவிட்டால் இது கிடைக்காது, சில நாட்கள்தான்.

தரங்கம்பாடிக்கு நம் ஊரிலிருந்து ஒரு மீட்டர் பாதை ரயில் ஓடியது, 1980களில் நின்றுபோனது. சின்னப் பையனாக அதில் பல முறை போயிருக்கிறேன். என்னிடம் அந்த ரயிலின் ஒரு படம்கூடக் கிடையாது. அப்போது வீட்டில் கேமரா இல்லை. உன்னிடம் போன் இருக்கிறது. கொள்ளிடப் படங்களை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவோடு ஸ்டூடியோவுக்கு வா, உட்கார்ந்து பார்ப்போம்.